நகைச்சுவையை நாயகன் ஆக்கிய ஜந்த்யாலா

ஹைதராபாத் நகரில் 2001-ம் ஆண்டு ஜூன் 19-ம் தேதி மாரடைப்பால் காலமானபோது ஜந்த்யாலாவுக்கு வயது 50. ஏறத்தாழ 40 திரைப்படங்களை இயக்கி, 200-க்கும் மேற்பட்ட படங்களுக்கு எழுதி, சிலவற்றில் நடித்தும் இருந்த அவரைத் தெலுங்கு மக்கள் "ஹாஸ்ய பிரம்மா" என்று அழைத்தனர். தமிழகத்தில் அவருடைய பெயரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் அவர் எழுதிய வசனத்தைக் கேட்டவர்கள் ஏராளம். 'சங்கராபரணம்' தமிழகத் திரையரங்குகளில் தெலுங்கிலேயே ஓடி வெற்றி பெற்றபோது, சங்கர சாஸ்திரியாக நடித்த சோமயாஜுலு பேசியவை ஜந்த்யாலா எழுதிய சொற்களே.

மேற்கு கோதாவரி மாவட்டம் நரசாபுரத்தில் 1951-ம் ஆண்டு ஜனவரி 14-ம் தேதி பிறந்தார். வீர வெங்கட துர்கா சிவ சுப்பிரமணிய சாஸ்திரி என்பது இட்ட பெயர். குடும்பப் பெயரான ஜந்த்யாலாவே இறுதிவரை நிலைத்தது. விஜயவாடாவில் வணிகவியல் படித்த அவரை, கணக்குப் புத்தகத்தைவிட நாடக மேடையே அதிகம் ஈர்த்தது. கல்லூரி நாள்களிலேயே நாடகங்கள் எழுதினார், நடித்தார். தமிழில் ஏறத்தாழ அதே வயதினரான கிரேசி மோகன் பொறியியல் படித்துவிட்டு மேடை வழியாகத் திரைக்கு வந்ததை இதனுடன் ஒப்பிடலாம். இருவருக்கும் சிரிப்பு என்பது முதலில் காதுக்கு உரியது. கண்ணுக்கு உரியது பிறகுதான்.

அந்நாளில் தெலுங்குத் திரைப்படம் எழுத விரும்பியவர் சென்னைக்குத்தான் வர வேண்டும். 1956-ல் ஆந்திரப் பிரதேசம் உருவாகி ஹைதராபாத் தலைநகரான பின்னரும், தெலுங்குப் படத் தயாரிப்பின் பெரும்பகுதி நீண்ட காலம் சென்னையிலேயே நடந்து வந்தது. ஜந்த்யாலாவும் சென்னைக்கு வந்தார். 1976-ல் வெளியான கே. விஸ்வநாத்தின் 'சிரிசிரிமுவ்வா' அவருக்கு அடையாளம் தேடித் தந்தது. வாய் பேச இயலாத நடனப் பெண்ணை நாயகியாகக் கொண்ட படம் அது. சொல்லை நம்பி வந்த எழுத்தாளர், பேசாத நாயகியின் கதையில் பெயர் பெற்றது சுவையான முரண்.

அதற்கு அடுத்த ஆண்டு வெளியான என்.டி. ராமராவின் 'அடவி ராமுடு' வசூலில் பெரும் சாதனை படைத்தது. 1979-ல் 'வேட்டகாடு' வந்தது. இரண்டுக்கும் வசனம் ஜந்த்யாலா. வில்லன் ராவ் கோபால ராவ் எதுகை மோனையோடு அடுக்கிப் பேசும் பேச்சு, நாயகனின் சண்டைக்கு நிகராகக் கைதட்டல் வாங்கியது. ஒருபுறம் நட்சத்திர நாயகனுக்கான மசாலா, மறுபுறம் விஸ்வநாத்தின் கர்நாடக இசையும் நடனமும். இரண்டையும் ஒரே கை ஒரே காலத்தில் எழுதியது.

1980-ல் வெளியான 'சங்கராபரணம்', சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தங்கத் தாமரை விருதைத் தில்லியில் பெற்றது. இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன், பாடகர்கள் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், வாணி ஜெயராம் ஆகியோருக்கும் தேசிய விருது கிடைத்தது. வசனம் எழுதியவருக்கு விருது இல்லை. காரணம், வசனத்துக்கென்று தனிப் பிரிவே அப்போது கிடையாது. 2009-ம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில்தான் அது சேர்க்கப்பட்டது. அதற்குள் ஜந்த்யாலா மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கமல்ஹாசன் நடித்த 'சாகர சங்கமம்' படத்துக்கும் அவரே வசனம் எழுதினார். 1983-ல் அது 'சலங்கை ஒலி' ஆகத் தமிழுக்கு வந்தபோது வசனம் தமிழில் மாறியது. ஜந்த்யாலாவின் பெயர் தமிழ் ரசிகர்களுக்கு எட்டாமலே போனது.

பிறருக்கு எழுதிப் புகழ் பெற்றவர் 1981-ல் 'முத்த மந்தாரம்' மூலம் இயக்குநரானார். அதுவரை தெலுங்குப் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் ஊறுகாயைப் போன்றது. ரேலங்கி, ரமணா ரெட்டி, ராஜபாபு போன்ற மேதைகள் இருந்தனர். ஆயினும் கதை நாயகனுடையது, அவர்கள் இடையிடையே வந்து போவார்கள். தமிழில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964-லேயே முழுநீள நகைச்சுவைக்கு வெற்றிப் பாதை போட்டிருந்தது. தெலுங்கில் முழுநீள நகைச்சுவையைத் தொடர்ந்து ஒரு வகையாகவே நிலைநிறுத்திய பெருமை ஜந்த்யாலாவைச் சேரும். அவருடைய படங்களில் சண்டை நாயகர்கள் இல்லை. சமையலறையில் புலம்பும் கணவர்களும், கேட்பவரை விடாமல் துரத்திக் கவிதை சொல்லும் பெண்களும், சில்லறைக் காசை எண்ணி எண்ணி முடியும் முதியவர்களும் இருந்தனர். நரேஷ், ராஜேந்திர பிரசாத் போன்ற இளம் நடிகர்களை வைத்து, குறைந்த செலவில், பெரும்பாலும் விசாகப்பட்டினத்தின் கடற்கரையையும் மேட்டுத் தெருக்களையும் பின்னணியாகக் கொண்டு எடுத்தார்.

1982-ல் வந்த 'நாலுகு ஸ்தம்பாலாட்ட' காதல் படம்தான். பின்னர் இந்திக்கும் சென்றது. ஆனால் மக்கள் நினைவில் நின்றது வேறு. எடுத்த பேச்சை முடிக்காமல் எதிரே இருப்பவரை வதைக்கும் ஒருவர், தப்ப வழியின்றி மாட்டிக்கொள்ளும் இன்னொருவர் என்று இரண்டு பாத்திரங்களை அதில் படைத்திருந்தார். அந்த வதைக்குப் பெயர் 'சுத்தி'. தெலுங்கில் சுத்தி என்றால் சுத்தியல். தமிழ்க் கல்லூரி மாணவர்கள் 'அறுவை' என்றும் 'பிளேடு' என்றும் சொன்னதற்கு நிகரான இச்சொல் ஆந்திரத்தின் அன்றாடப் பேச்சில் கலந்தது. நடித்த இருவருக்கும் அது பெயரின் முன்னொட்டாகவே ஒட்டிக்கொண்டது. சுத்தி வீரபத்ர ராவ் 1988-லும், சுத்தி வேலு 2012-லும் மறையும்வரை அப்பெயர்களிலேயே அறியப்பட்டனர்.

1984-ல் ராமோஜி ராவின் உஷாகிரண் மூவீஸ் தயாரித்த 'ஸ்ரீவாரிகி பிரேமலேகா', பொத்தூரி விஜயலட்சுமியின் நாவலைத் தழுவியது. ஒரு பெண் விளையாட்டாகக் கற்பனைக் கணவனுக்கு எழுதிய காதல் கடிதம் முன்பின் அறியாத இளைஞனின் கையில் சேர்கிறது. அவன் எழுதியவளைத் தேடிப் புறப்படுகிறான். இப்படத்தில் ஸ்ரீலட்சுமி, பார்த்த திரைப்படத்தின் கதையைத் தலைப்பு எழுத்துகளில் தொடங்கி ஒன்று விடாமல் சொல்லிக் கணவரைக் கதறவைப்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கோணல், அந்தக் கோணலுக்கென்று ஒரு பேச்சு நடை என்பதே ஜந்த்யாலாவின் முறை. 1986-ல் சண்டை நாயகனாக உயர்ந்துகொண்டிருந்த சிரஞ்சீவியையே 'சண்டப்பாயி'யில் துப்பறிவாளராக்கிச் சாப்ளின் வேடமும் போடவைத்தார். அப்படம் வெளியான நாளைவிடத் தொலைக்காட்சிக் காலத்திலேயே அதிகம் கொண்டாடப்பட்டது.

'அஹ நா பெள்ளண்ட', 'விவாஹ போஜனம்பு', 'சூப்புலு கலிசின சுபவேள', 'ஹாய் ஹாய் நாயகா' ஆகிய நான்கு தலைப்புகளும் 1957-ம் ஆண்டின் 'மாயா பஜார்' படத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ரங்காராவ் கடோத்கஜனாகத் திருமண விருந்தை விழுங்கும் காட்சியைத் தமிழர்களும் மறந்திருக்க முடியாது.

இவற்றுள் 1987-ல் டி. ராமாநாயுடு தயாரித்த 'அஹ நா பெள்ளண்ட' தனித்து நிற்கிறது. பெண்ணின் தந்தை லட்சுமிபதி மகா கஞ்சன். கோழியை உயிரோடு கயிற்றில் தொங்கவிட்டு, அதைப் பார்த்தபடியே வெறும் சோற்றைக் கோழிக்குழம்புச் சோறாகப் பாவித்து உண்பவர். துணி தேயுமென்று செய்தித்தாளை உடுத்துபவர். அவரிடம் பெண் கேட்க வரும் பணக்கார வீட்டு இளைஞன், அவரை விஞ்சிய கஞ்சனாக நடிக்க வேண்டியிருக்கிறது. லட்சுமிபதியாக வாழ்ந்தவர் கோட்டா சீனிவாச ராவ். 2003-ல் 'சாமி' படத்தில் பெருமாள் பிச்சையாகத் தமிழர்களை மிரட்டியவர் இவரே. அக்கஞ்சனிடம் சம்பளமின்றி உழன்று மனத்துக்குள் திட்டித் தீர்க்கும் வேலைக்காரன் அரகுண்டுவாக வந்தவர், அதுவரை பெரிதும் அறியப்படாத பிரம்மானந்தம். மேற்கு கோதாவரியின் அத்திலியில் தெலுங்கு விரிவுரையாளராக இருந்த அவர், பின்னர் மிக அதிகப் படங்களில் தோன்றிய நடிகராகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். 2009-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

சிரிப்பு மட்டுமே அவருடைய எல்லை அல்ல. 1983-ல் கிரீஷ் கர்னாட் நடித்த 'ஆனந்த பைரவி', குச்சிப்புடி ஆசான் ஒருவர் ஒரு பெண்ணுக்கு அக்கலையைக் கற்பிக்க முனைவதைச் சொன்னது. நந்தி விருதும் பெற்றது. 1987-ல் அமெரிக்காவிலேயே படமாக்கப்பட்ட 'படமடி சந்தியா ராகம்' படத்தில் விஜயசாந்திக்கு இணையாக நடித்த இளைஞர் தாமஸ் ஜேன் பின்னாளில் ஹாலிவுட் நடிகரானார்.

எனினும் ஒருவருக்கு ஒரு கோணல் என்ற முறைக்கு ஆயுள் அதிகமில்லை. திரும்பத் திரும்ப வந்தபோது அது வாய்பாடாயிற்று. சில இடங்களில் மனைவியரை நையாண்டி செய்வதே நகைச்சுவையாக முடிந்ததையும் மறுக்க இயலாது. தொண்ணூறுகளில் அவர் இயக்கிய படங்கள் முந்தைய வரவேற்பைப் பெறவில்லை. தெலுங்குத் திரையுலகமும் இடம் மாறிவிட்டது. அக்கினேனி நாகேஸ்வர ராவ் 1976-ல் தொடங்கிய அன்னபூர்ணா ஸ்டுடியோ ஒரு தொடக்கம். ராமாநாயுடுவின் படப்பிடிப்புத் தளமும், 1996-ல் ராமோஜி பிலிம் சிட்டியும் வந்தபோது ஹைதராபாதே தலைமையிடமாயிற்று. அங்கே முதலீடு பெருகியது. நட்சத்திர நாயகர்களின் படங்களும் பெருத்தன. நகைச்சுவை மீண்டும் இடைவேளை நேரத்து விருந்தாளி ஆனது. அந்த விருந்தாளிகளில் பலர் ஜந்த்யாலா வளர்த்தவர்கள் என்பது வேறு கதை.

எழுத்தை மட்டும் அவர் விடவில்லை. 'ஜகதேக வீருடு அதிலோக சுந்தரி' (1990), சிங்கீதம் சீனிவாச ராவின் 'ஆதித்யா 369' (1991) இரண்டுக்கும் வசனம் அவருடையதே. 1992-ல் விஸ்வநாத்தின் 'ஆபத்பாந்தவுடு' படத்துக்கு எழுதியதோடு, நாயகியின் தந்தையான ஏழைக் கவிஞராக நடிக்கவும் செய்தார். தன் கவிதை நூலாக வெளிவராதா என்று ஏங்கும் மனிதர் அவர். அதை அச்சிட, சிரஞ்சீவி ஏற்ற நாயகன் தன் மாடுகளை விற்கிறான். மூன்று மணி நேரம் மக்களைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவர் நடிகராக அதிகம் நினைவுகூரப்படுவது, சிரிப்புக்கு இடமே இல்லாத இந்தப் பாத்திரத்துக்காக.

கோட்டா சீனிவாச ராவ் 2025-ம் ஆண்டு ஜூலை 13-ம் தேதி ஹைதராபாதில் காலமானார். அவர் ஏற்ற வில்லன் வேடங்கள் பல நூறு. அஞ்சலிக் குறிப்புகளில் அவற்றோடு, கயிற்றில் தொங்கிய கோழியைப் பார்த்துச் சோறுண்ட லட்சுமிபதியும் இடம்பெற்றிருந்தார்.