விழியிழந்தவர் சோதித்த எண்

31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் 2147483647 கிடைக்கும். 214 கோடியைத் தாண்டிய இவ்வெண், 1-ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். கணினி இல்லாத காலத்தில் இதை மெய்ப்பித்தவர், அறுபதைக் கடந்து, ஏறத்தாழ முற்றிலும் பார்வையிழந்திருந்த லியோனார்டு ஆய்லர். எண்களின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் வாழ்க்கை அவருடையது.

ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில் 1707-இல் ஒரு மதபோதகரின் மகனாகப் பிறந்தார். இருபது வயதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். முப்பதுகளின் தொடக்கத்திலேயே வலக்கண் பயனற்றுப்போயிற்று. 25 ஆண்டுகளை பெர்லினில் கழித்து 1766-இல் ரஷ்யா திரும்பியதும் இடக்கண்ணையும் கண்புரை மறைத்தது. 1771-இல் அவருடைய வீடு தீக்கிரையானது. அதே ஆண்டு நடந்த அறுவை சிகிச்சை தந்த பார்வையும் விரைவில் மறைந்தது. அவருடைய ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதி இதன் பின்னரே, பிறர் எழுத அவர் சொல்லச் சொல்ல உருவாயின.

பெரியோர் கூறினர் என்பதற்காக எதையும் ஏற்காதவர் ஆய்லர். 4294967297 பகா எண் என்று மாமேதை ஃபெர்மா நம்பியிருந்தார். அது 641-ஆல் வகுபடும் என்று 1732-இல் காட்டியபோது ஆய்லருக்கு வயது 25. 2147483647 பகா எண்ணே என மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் பட்டியலிட்டிருந்தார். அப்பட்டியலின் வேறு சில கூற்றுகள் பிழையானவை எனப் பின்னாளில் தெரியவந்தது. ஆகவே, சோதிப்பதே வழி.

நேர்வழியில் சென்றால், 46,340 வரையுள்ள ஏறத்தாழ 4,800 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். ஆய்லர் முதலில் சிந்தித்தார். இவ்வெண்ணுக்கு ஒரு பகா வகுஎண் இருக்குமானால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கமுடியும் என்று கண்டார். எஞ்சியவை அதிகபட்சம் 372 வகுத்தல்களே. அவற்றுள் ஒன்றும் மீதியின்றி முடியவில்லை. 1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் முடிவை அறிவித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, அறியப்பட்ட பகா எண்களில் இதைவிடப் பெரியது இல்லை.

இன்று இதே எண், 32 பிட் கணினிகள் குறியுடன் எழுதும் முழு எண்களின் உச்சவரம்பு. 1970 முதல் நொடிகளை எண்ணிவரும் பழைய கணினிக் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று இவ்வரம்பைத் தொட்டுத் தடுமாறும். அதற்கான திருத்தங்கள் உலகெங்கும் நடந்துவருகின்றன.

1783 செப்டம்பரில் ஆய்லர் மறைந்தார். இறந்த அன்றும் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசியில் வந்ததைப் படித்து முடிக்குமுன்பே நூறு பேருக்கு அனுப்பிவிடும் நமக்கு, சோதிக்க நேரமில்லை என்று சொல்வது எளிது. பார்வையும் வீடும் இழந்த மனிதருக்கு அந்நேரம் இருந்தது. மெர்சென் சொன்னது இறுதியில் சரியாகவே இருந்தது. ஆயினும், சரி என்று நம்புவதும் சரி என்று அறிவதும் ஒன்றல்ல என்பதை அந்த 372 வகுத்தல்களே எனக்கு உணர்த்துகின்றன.