பல்வேரைக் காட்டிய எட்மண்ட் கெல்ஸ்

பல்வலி வந்தால் கிராம்பை அடக்கிக்கொள்வதும், அதற்கும் கேட்காவிட்டால் பல்லைப் பிடுங்கி எறிவதுமே எங்கள் அண்ணாகிராமம் வட்டாரத்தில் நெடுநாள் வழக்கம். காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பல்லைப் பிடுங்காமல் அதன் வேரைப் பார்க்க முடியும் என்று செய்து காட்டிய ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். கலைக் கல்லூரி மலரில் பல் மருத்துவருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். படித்துப் பாருங்கள்.

சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ் 1856-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். தந்தையாரும் பல் மருத்துவரே. 1878-இல் நியூயார்க்கில் பட்டம் பெற்று ஊர் திரும்பிய கெல்ஸ், புதியது எதைக் கண்டாலும் அதைத் தம் தொழிலுக்குக் கொண்டுவந்துவிடுவார். நோயாளியின் வாயில் ஊறும் உமிழ்நீரையும் இரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கும் கருவியை உருவாக்கினார். 1885-இல் மால்வினா கூவேரியா என்ற பெண்ணை உதவியாளராக அமர்த்தினார். துணையின்றி மருத்துவரிடம் செல்லப் பெண்கள் தயங்கிய காலம் அது.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில வாரங்களுக்குள் அந்நாட்டுப் பல் மருத்துவர் வால்க்காஃப், கதிரின் முன் 25 நிமிடம் அசையாமல் இருந்து தம் பற்களையே படமெடுத்தார். கெல்ஸும் காத்திருக்கவில்லை. 1896 ஜூலையில் ஆஷ்வில் நகரில் கூடிய பல் மருத்துவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 1899-இல் அவர் செய்த செயல்தான். பல்லின் நரம்பு ஓடும் வேர்க்குழாய் வெளியே தெரியாது. பண்ருட்டிப் பலாத் தோப்பில் இரண்டு மரங்களின் வேர் ஒன்றுபோல் ஓடுவதுண்டா? பல்லும் அப்படியே. மேல்வாய் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர்கள் பெரும்பாலும் மூன்று; குழாய்களோ பலருக்கு நான்கு. மூன்றை அடைத்து நான்காவதை விட்டுவிட்டால் நோய் அங்கேயே தங்கிவிடும். அக்காலத்து மருத்துவர் கைவிரலின் உணர்வை நம்பியே வேலை செய்தார். கெல்ஸ் குழாய்க்குள் மெல்லிய ஈயக் கம்பியைச் செலுத்திப் படமெடுத்தார். ஈயம் கதிரைத் தடுப்பதால் கம்பி எதுவரை சென்றது என்பது படத்தில் தெரிந்தது. இருட்டில் தடவியவர்களுக்கு விளக்கு கிடைத்தது எனலாம்.

பின்னர் 1917-இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ், பிடுங்கப்பட்ட பற்களின் குழாய்களில் ரப்பரை நிரப்பி அவற்றின் வடிவ வேறுபாடுகளை வெளிக்கொணர்ந்தார். 1984-இல் அமெரிக்கரான வெர்டூச்சி அவற்றை எட்டு வகையாகப் பிரித்தார். இன்று முப்பரிமாண எக்ஸ்ரே வந்துவிட்டதால் பல் வாயில் இருக்கும்போதே இதனை ஆராய முடிகிறது. இந்தியர்களின் கடைவாய்ப்பற்களும் அவ்வாறு ஆராயப்பட்டுள்ளன.

கெல்ஸின் பிற்காலத்தில் ஒரு விபரீதம் நேர்ந்தது. உடம்பின் பல நோய்களுக்கும் பல்லின் சீழே காரணம் என்ற கருத்து 1910-க்குப் பின் பரவியது. எக்ஸ்ரேயில் வேர்நுனியில் ஒரு நிழல் தெரிந்தாலே போதும், பற்களை வரிசையாகப் பிடுங்கத் தொடங்கினர்! பல்லைக் காக்க அவர் கொண்டுவந்த படமே பல்லுக்கு எமனாயிற்று. கெல்ஸ் இதை வெளிப்படையாக எதிர்த்தார். மருத்துவர் எழுதிக்கொடுத்தார் என்பதற்காகவே பல்லைப் பிடுங்குவது தகாது என்று தம் தொழிலினரிடம் வாதாடினார். அந்தத் துணிவு எளிதானதன்று.

அவருடைய கையோ அதற்குள் கெட்டுக்கொண்டிருந்தது. கதிரின் வலிமையைச் சரிபார்க்க, தம் கையையே கதிரின் முன் நீட்டி, எலும்பு திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது அன்றைய முறை. பல ஆண்டுகள் இப்படிச் செய்தார். புற்றுநோய் பற்றியது. அறுவைக்கு மேல் அறுவை. முதலில் விரல்கள், பிறகு கை, அதன்பின் புயம். அந்த நிலையிலும் 1926-இல் தம் வாழ்க்கை அனுபவங்களை நூலாக எழுதி வெளியிட்டார். வலி தாளாமல் 1928 மே மாதத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 71.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1980-இல் தொடங்கப்பட்ட பல் மருத்துவக் கல்லூரிக்கு நம் மாவட்டத்து மக்கள் பலர் பல்லைக் காட்டச் செல்கிறார்கள். பல்லுக்குப் படமெடுக்கும் இடங்களில் இப்போது எவரும் கதிரின் முன் கையை நீட்டுவதில்லை. எடுப்பவர் தள்ளி நின்றோ, தடுப்புக்குப் பின்னால் நின்றோதான் பொத்தானை அழுத்துகிறார்.