கல்விக்குக் கைகொடுத்த அறிஞர் அஸீஸ்

பொருளீட்டுதல் திறமை, ஈட்டியதைப் பிறர்க்கு ஈதல் பண்பு, ஈந்த பொருள் ஒரு நாளிற் கரைந்து போகாமல், தலைமுறை தலைமுறையாகப் பயன் தரும்படி அதனை ஓர் ஒழுங்கில் அமைத்து வைத்தல் பேரறிவு. இப்பேரறிவு வாய்க்கப் பெற்றவர் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். இந்து இளைஞர் மலரில் இஸ்லாமியப் பெரியார் ஒருவரின் வரலாறு எதற்கு என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். வரலாற்றை முழுதும் படித்த பின்னர் அவ்வினா எழாது என்பது எமது துணிபு.

அபூபக்கர் முகம்மது அப்துல் அஸீஸ் 1911 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4 ஆம் திகதி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தார். தந்தையார் சட்டத்துறையிற் பணியாற்றியவர். முஸ்லிம் மக்களின் தலைவர்களுள் ஒருவர். மத்ரஸாவில் திருக்குர்ஆன் ஓதிய பின்னர் அஸீஸ் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். சைவப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து தமிழ் கற்றார். தம் மார்க்கப்பற்றிற் சிறிதும் குறையாமலே கற்றார். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்று, 1935 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அச்சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் அவரே.

1942 ஆம் ஆண்டு இந்நாட்டிற்குச் சோதனையான ஆண்டு. ஏப்ரல் மாதத்தில் கொழும்பின்மீதும் திருகோணமலைமீதும் ஜப்பானியர் குண்டு வீசினர். பர்மா அவர்கள் கையிற் சிக்கியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. உள்ளூரில் நெல் விளைந்தாலன்றி மக்கள் உண்ண வழியில்லை. அந்நாளில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் அஸீஸ் அவர்கள். கல்முனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

நெல்லை விளைவிக்க வந்தவர் கண்ணில் வேறொரு தரிசும் பட்டது. வயல்கள் செழித்த ஊர்களிலே உயர்கல்வி வாடிக் கிடந்தது. களவெட்டியில் நெற்பொலி மலையாய்க் குவிந்தாலும், அதே ஊரின் கமக்காரன் மகன் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பது அருமையாயிருந்தது. அறிவு இல்லாமை அதற்குக் காரணமன்று. கொழும்பு தொலைவு, விடுதிச் செலவு பெரிது, வழிகாட்டுவார் இல்லை.

கிழக்கிலே அஸீஸ் அவர்களின் உள்ளத்தைத் தொட்டவர்கள் இருவர். ஒருவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. மற்றவர் காரைதீவு ஈன்ற சுவாமி விபுலானந்தர். சுவாமிகள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகளிற் கற்று, பின்னர் துறவு பூண்டு, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகவே உழைத்தவர். மிஷன் பாடசாலையிற் படித்த இந்துத் துறவியும், இந்துக் கல்லூரியிற் படித்த முஸ்லிம் அதிகாரியும் இக்கடற்கரையிலே நண்பராயினர். மிஷன் பாடசாலையில் எழுத்தறிந்த எமக்கு இதனை எண்ணுந்தோறும் மெய் சிலிர்க்கின்றது. முன்பின் அறியாத யாரோ கொடுத்த காசிலேதான் நாமும் படித்தோம். அக்கடனைக் கொடுத்தவர்க்குத் திருப்பிச் செலுத்த இயலாது. அடுத்து வரும் பிள்ளைக்கே செலுத்தல் வேண்டும்.

அந்த 1942 இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அஸீஸ் அவர்களின் உத்தியோகம் இடம் மாறியபோதும் கல்முனையில் ஊன்றிய விதை பட்டுப்போகவில்லை. 1945 மே 19 ஆம் திகதி இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக அது நாடளாவி வளர்ந்தது. பணமின்மையால் உயர்கல்வியை இழக்க நேரும் முஸ்லிம் மாணவர்க்கு உதவுவதே அந்நிதியின் நோக்கம்.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அதே 1945 இலேதான் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வியும் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அப்படியாயின் நிதி எதற்கு? வகுப்புக்குக் கட்டணம் இல்லாது போயிற்று. ஆனால் உண்ணும் சோறும், உடுக்கும் துணியும், புத்தகமும், புகைவண்டிச் சீட்டும் இலவசமாகவில்லை. அரசு திறந்த கதவின் படியேற மாட்டாத பிள்ளைக்குக் கைகொடுப்பது சமூகத்தின் கடமை என்பதை அஸீஸ் அவர்கள் உணர்ந்திருந்தார்.

1948 இல் சிவில் சேவை என்னும் உயர்பதவியைத் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அப்பணியில் இருந்தார். அதிகாரத்தை விட்டு ஆசிரியர் நாற்காலியை விரும்பினோர் எந்நாட்டிலும் அரியர். 1950 இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை உருவாவதற்கு முன்னின்றார். ஊர்தோறும் தனித்தனியே இயங்கும் சிறு சங்கங்கள் ஒன்றுக்கொன்று துணையாக நின்றாலன்றி நிலைக்கமாட்டா என்பதை அவர் அறிந்திருந்தார். 1952 முதல் செனற் சபையிலும் அங்கம் வகித்தார். இலங்கையில் இஸ்லாம் முதலிய நூல்களை நல்ல தமிழில் எழுதினார். 1973 நவம்பர் 24 ஆம் திகதி இவ்வுலக வாழ்வை நீத்தார். மறைந்த பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கித் தன்னைச் சிறப்பித்துக் கொண்டது.

இவ்வரலாற்றிலிருந்து இளைஞராகிய நாம் கற்பது யாது? விழா எடுக்கின்றோம், பந்தல் இடுகின்றோம், ஒலிபெருக்கியும் மின்விளக்கும் வாடகைக்கு அமர்த்துகின்றோம். போடிமார் முதல் கூலித் தொழிலாளர் வரை மனமுவந்து தருகின்றனர். விழா முடிந்த மறுநாள் கணக்கிலே எஞ்சுவது பற்றுச்சீட்டுக் கட்டுத்தான். அதே வேளையில் நம் அயலிலே பல்கலைக்கழக அனுமதி பெற்ற பிள்ளையொன்று, விடுதிக்குப் போகப் பணமின்றித் தயங்கி நிற்கின்றது. மகாபொல உதவிப்பணம் உண்டு. ஆயினும் அது கைக்கு வந்து சேருமுன் கழியும் மாதங்களை அப்பிள்ளை எப்படிக் கடக்கும்?

விழா வேண்டாம் என்பது எம் கருத்தன்று. திரட்டும் பணத்தில் ஒரு பங்கினை ஒதுக்கி, மன்றத்தின் பெயரால் நிலையான கல்வி நிதியொன்றை வங்கியில் வைப்போம். முதலைத் தொடாது வட்டியைக் கொண்டு உதவுவோம். யாருக்குக் கொடுப்பது என்பதை உறவு பார்த்தன்றி, தேவை பார்த்து மூத்தோர் குழுவொன்று முடிவு செய்யட்டும். வரவையும் செலவையும் ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் வாசிப்போம். பெறுபவர் பெயரை மட்டும் மேடையில் ஏற்றாதிருப்போம். உதவி பெறும் பிள்ளையின் தலை குனியாதிருப்பதும் அறத்தின் ஒரு பகுதியே.

கல்முனையிலே தொடங்கிய ஒரு சிறு சங்கம் நாடெங்கும் நிழல் தந்தது. அம்மரம் முளைத்த மண் நம் கால்களின் கீழேயே உள்ளது. அறிஞர் அஸீஸ் அவர்களைப் போற்றுவோர் அவர் செய்ததைச் செய்வாராக. வாழ்க அவர் புகழ்! வளர்க நம் ஒற்றுமை!