கோணமலைக் கடலடியில் ஆர்தர் கிளார்க்

திருகோணமலையில் கடலைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் பாறைக்குச் சுவாமி மலை என்று பெயர். அதன் உச்சியில் இருப்பது திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசுவரர் திருக்கோயில். 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அக்கோயிலை இடித்தபோது அதன் தூண்களும் கற்களும் கடலில் வீழ்ந்தன. 1956ஆம் ஆண்டு, அப்பாறையின் அடிவாரத்தில் காற்று உருளையை முதுகில் சுமந்து மூழ்கியவர்களுள் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க்.

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1917இல் பிறந்த கிளார்க், உண்மையில் வானத்தின் மீது காதல் கொண்டவர். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதும் செய்தி பரப்பலாம் என 1945இலேயே கட்டுரை எழுதினார். முதல் செயற்கைக்கோள் பறந்ததோ 1957இல்! விண்ணை எண்ணியவர் கடலை நாடியது ஏன்? விண்வெளியில் மனிதன் எடையின்றி மிதப்பான். அந்நிலையைப் புவியில் இருந்தபடியே உணர நீரே வழி என அவர் கண்டார். பிற்காலத்தில் விண்வெளி வீரர்களும் நீர்த்தொட்டிகளில் பயிற்சி பெற்றனர்.

சுவாமி மலை கடல்மட்டத்தோடு முடிவதில்லை. நீருக்குள்ளும் சுவராக இறங்குகிறது. பத்து மீட்டர் ஆழம் செல்லுந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். செந்நிறம் முதலில் மறைய, யாவும் நீலமாகும். பாறை இடுக்குகளில் கடற்பஞ்சும் பவள உயிரிகளும் படர்ந்திருக்க, களவாவும் கிளிமீனும் உலவும் அவ்விடத்தில், உளி பட்ட கற்கள் கிடப்பதைக் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் கண்டனர். இயற்கைப் பாறைக்கு நேர்க்கோடும் செங்கோணமும் ஏது? கடல் மறைத்து வைத்திருந்த கோயிலை அவர் தம் நூலில் எழுதி உலகறியச் செய்தார். இலங்கையையே தம் இல்லமாகவும் கொண்டார்.

1961இல் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் கிரேட் பாசஸ் பாறைத்தொடரில், மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளிக் காசுகளை வில்சன் கண்டெடுத்தார். ஔரங்கசீப் காலத்தில் சூரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டவை அவை. அப்புதையலை ஆராயப் புறப்படும் வேளையில், 1962இல், கிளார்க்கை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. உடல் செயலிழந்து படுக்கையில் கிடந்தார். கடலை மறந்துவிடுமாறு எவரும் அறிவுறுத்தியிருக்கக்கூடிய நிலை அது. அவரோ அடுத்த ஆண்டே ஆய்வுக் குழுவினருடன் அப்பாறைத்தொடருக்குச் சென்றார்.

நோயின் பின்விளைவு முதுமையில் மீண்டும் வருத்தியது. சக்கர நாற்காலியே துணையாயிற்று. எனினும் கடலில் மூழ்குவதை அவர் விடவில்லை. நிலத்தில் தாங்க மறுத்த கால்கள், நீரில் தாங்க வேண்டிய தேவையே இல்லை அல்லவா?

இக்கடுவையில் அவருக்கிருந்த மூழ்கு பயிற்சி நிலையத்தை 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அழித்தது. 2008 மார்ச் 19 அன்று, தம் தொண்ணூறாம் வயதில், கிளார்க் கொழும்பில் காலமானார்.