கடல் தண்ணியை ஆத்தினவங்க

இந்த இதழ்ல நாம பார்க்கப்போறவங்க பேரு அன்னா தின். பேரைப் பார்த்துட்டு ஏதோ சாப்பாட்டு மேட்டர்னு நினைச்சுடாதீங்க. கடலே இல்லாத ஊர்ல, வீட்டுக்குள்ள, உயிரோட பவளத்தை வளர்த்துக் காட்டின முதல் ஆட்கள்ல ஒருத்தர் இவங்க. திருவண்ணாமலையில இருந்து கடலைப் பார்க்கணும்னா பாண்டிச்சேரி வரைக்கும் பஸ் ஏறணும். அதனால இவங்க கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானதுதான்.

அன்னா பிறந்தது 1806ல். 1824ல் ஜான் தின் என்ற பிரபுக் குடும்பத்துப் பாதிரியாரைத் திருமணம் செய்துகிட்டாங்க. அவருக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துல பெரிய பொறுப்பு. குழந்தைகள், விருந்தினர்கள்னு எப்பவும் நிறைஞ்ச வீடு. அதுக்கு நடுவுலயும் அன்னாவுக்குப் பாறை, புதைபடிவம்னா உயிர்.

1846ல் டார்கீ என்ற கடற்கரை ஊருக்குப் போனப்போதான் உயிருள்ள கல் பவளத்தைப் பார்க்கிறாங்க. கல்லுல பூத்த சின்னப் பூ மாதிரி இருக்கும், ஆனா அது ஒரு விலங்கு. அதை லண்டனுக்குக் கொண்டுபோயே தீரணும்னு முடிவு பண்ணிட்டாங்க. கிட்டத்தட்ட 300 கி.மீ. பயணம். வழியில ஒண்ணோட ஒண்ணு மோதி உடையாம இருக்க என்ன செய்தாங்க தெரியுமா? ஊசி நூலால ஒவ்வொரு பவளத்தையும் ஒரு பெரிய கடற்பஞ்சுல தைச்சு, கடல் தண்ணி நிரப்பின ஜாடிக்குள்ள இறக்கிட்டாங்க. இன்னைக்கு நாம பேக்கேஜிங் டிசைன்னு தனிப் பாடமாவே படிக்கிற விஷயம் இது.

லண்டன் வந்து கண்ணாடிக் கிண்ணங்கள்ல பவளத்தை வெச்சாச்சு. ஆனா கையில இருந்த கடல் தண்ணி ரொம்பக் கொஞ்சம். தீர்ந்தா வாங்க இடமில்லை. அப்படியே விட்டா கோயில் குளத்துத் தண்ணி மாதிரி தேங்கிக் கெட்டுப்போயிடும். அதனால அன்னா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. திறந்த ஜன்னல் பக்கத்துல நின்னு, தண்ணியை ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு உயரமா ஊத்தணும். திரும்ப ஊத்தணும். அரை மணி, முக்கால் மணி நேரம். நம்ம டீக்கடை மாஸ்டர் டீ ஆத்துற அதே ஆக்‌ஷன்.

ஏன் இது வேலை செஞ்சது? காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் தண்ணிக்குள்ள போற ஒரே வாசல் மேற்பரப்புதான். ஆத்தும்போது அந்தப் பரப்பு பல மடங்கு ஆகுது. கடல் தண்ணிக்கு இது இன்னும் முக்கியம். 25 டிகிரி வெப்பத்துல ஒரு லிட்டர் நல்ல தண்ணி சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடிச்சு வைக்கும், உப்புத் தண்ணி 7 மில்லிகிராம்கூட வைக்காது. இதுபோக, பவளத்தால இடம் மாறிப் போக முடியாது. சாப்பாடு வர்றதும் கழிவு போறதும் தண்ணி அசைஞ்சாதான்.

சரி, தினமும் யார் ஆத்தினது? அந்த வீட்டு வேலைக்காரச் சின்னப் பொண்ணு. ரொம்பக் களைப்பான வேலைன்னு அன்னாவே எழுதியிருக்காங்க. அந்தப் பொண்ணு அதை ஒரு விளையாட்டா எடுத்துக்கிட்டதாவும் எழுதியிருக்காங்க. ஆனா அந்தக் கட்டுரையில அவளுக்குப் பேர் இல்லை. உலகத்தோட முதல் வேவ் மேக்கர்கள்ல ஒண்ணு, பேரில்லாத ஒரு பொண்ணோட ரெண்டு கைதான்.

1847 வசந்த காலத்துல அன்னா அடுத்த படிக்குப் போனாங்க. கடற்பாசி ஒட்டியிருந்த கற்களை வரவழைச்சுத் தொட்டியில போட்டாங்க. வெளிச்சத்துல பாசி ஆக்ஸிஜன் விட, தொட்டி கொஞ்சம் கொஞ்சமா தன்னைத்தானே தாங்க ஆரம்பிச்சது. பவளம் பிழைச்சதோட நிக்காம பெருகவும் செய்தது.

இதே சமநிலையை நன்னீர்த் தொட்டியில காட்டி, 1850ல் கட்டுரை வெளியிட்டவர் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர். 1853ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில பொது அக்வேரியம் திறந்தாச்சு. அடுத்த வருஷம் வந்த பிலிப் ஹென்றி காஸின் புத்தகம் நாட்டையே தொட்டி வைக்க வெச்சது. அன்னாவோட கட்டுரை அச்சுல வந்தது 1859ல்தான், அதுவும் காஸின் குறிப்புகளோட. ராயல் சொசைட்டி மாதிரி சபைகள் பெண்களை உறுப்பினராச் சேர்க்காத காலம் அது. 1866ல் அன்னா காலமானப்போ பெயரும் புகழும் வேற ஆட்களுக்குப் போயிருந்தது.

கையால ஆத்துற வேலை மெஷினுக்கு மாற இன்னும் முப்பது வருஷம் ஆச்சு. 1890கள் கடைசியில இங்கிலாந்தோட பிளிமத் ஆய்வகத்துல, எட்வர்ட் பிரவுன் ஜெல்லி மீன்களை வளர்க்க ஒரு ஐடியா பண்ணினார். ஏத்தம் மாதிரி ஒரு கட்டை. ஒரு முனையில ஜாடிக்குள்ள தொங்குற கண்ணாடித் தட்டு, இன்னொரு முனையில வாளி. குழாய்த் தண்ணியில வாளி நிறைஞ்சா கீழே இறங்கும். சைபன் வழியா காலியானா மேலே ஏறும். தட்டும் கூடவே ஏறி இறங்கித் தண்ணியை அசைச்சுக்கிட்டே இருக்கும். கரன்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். இதே பிரவுன்தான் பின்னாடி இலங்கை முத்துக்குளிப்புக் கடல்ல சேகரிச்ச ஜெல்லி மீன்களை ஆராய்ஞ்சு அறிக்கை எழுதினவர்.

நமக்கு இது ஒரு மினி ப்ராஜெக்ட். பழைய வைப்பர் மோட்டார், ஒரு கிராங்க், அக்ரிலிக் தட்டு போதும். 1 மீட்டர் நீளத் தொட்டியில 40 செ.மீ. தண்ணி இருந்தா, அலை ஒரு தடவை போய்த் திரும்ப சுமார் 1.2 வினாடி எடுக்கும். அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 50 தடவை. அந்த வேகத்துல மெல்லத் தள்ளினாலே ஊஞ்சல் மாதிரி அலை வளரும். ரொம்ப வளர விட்டா கண்ணாடி ஒட்டு விட்டுடும், ஜாக்கிரதை! செம்பு தண்ணியில படவே கூடாது, முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு அது விஷம். கல் பவளத்தைக் கடல்ல இருந்து எடுக்கிறதுக்கு 2001ல இருந்து நம்ம நாட்டுச் சட்டத்துல தடை இருக்கு. அதனால மீனோட நிறுத்திக்கோங்க.

மோட்டார் ஓட ஆரம்பிச்சதும் ரிப்போர்ட்டுல லிட்டரேச்சர் சர்வே எழுதணுமே, அதுல பிரவுனுக்கு முன்னாடி அன்னாவைப் போடுங்க. அவங்களுக்குப் பக்கத்துல, பேர் தெரியாத அந்தப் பொண்ணுக்கும் ஒரு வரி.