பி.ஆர் பாடம் வருவதற்கு முன்பே அதைச் செய்து காட்டியவர்: யார் இந்த சீனிவாச சாஸ்திரி?

மக்கள் தொடர்பு, அதாங்க பி.ஆர், இன்னைக்கு பல்கலைக்கழகப் பாடம். பாடமாக வருவதற்கு முன்பே அதைச் செய்து காட்டியவர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி.

1869-ல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் தலைமை ஆசிரியராக இருந்தார். 1907-ல் கோகலேவின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார்.

பெரிய சோதனை தென்னாப்பிரிக்காதான். இந்தியர்களைக் கப்பலேற்றி அனுப்பிடணும் என்று வெள்ளையர்கள் பேசிக்கொண்டிருந்த நாடு. காந்தி வற்புறுத்தியதால் 1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாக அங்கே போனார். யார் வெறுத்தார்களோ அவர்களிடமே போய்ப் பேசினார். கிளெர்க்ஸ்டார்ப் நகரில் அவர் கூட்டத்தையே கலைக்கப் பார்த்தார்கள். சட்டங்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி கிடைத்தது, பெயர் சாஸ்திரி கல்லூரி. பணம் கொடுத்தது அங்கிருந்த இந்தியர்கள். அதிகாரிகளைச் சம்மதிக்க வைத்தது இவர்.

பிரிட்டிஷாரிடம் ரொம்ப மென்மையாக நடந்துகொண்டார் என்ற விமர்சனம் கடைசிவரை இருந்தது. அதில் நியாயமும் உண்டு, ஒத்துழையாமை இயக்கத்தையே எதிர்த்தவர். அதேசமயம் ‘சர்’ பட்டத்தை வேண்டாம் என்றவரும் இவர்தான்.

1935-ல், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்தார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1940 வரை இருந்தார்.

1946-ல் சென்னை மருத்துவமனையில் படுத்திருந்தவரைப் பார்க்க, அரசியலில் எதிர்ப்பக்கம் நின்ற காந்தியே நேரில் வந்தார். அந்த ஏப்ரலில் சாஸ்திரி காலமானார்.