இதயத்திற்கு வழி கண்ட மருத்துவர்: வெர்னர் ஃபோர்ஸ்மன்

திடீரென நெஞ்சு படபடத்துச் சிறிது நேரத்தில் தானாகவே அடங்கிவிடும் இதயத் துடிப்புக் கோளாறு உங்களுக்கு இருக்கலாம். துறையூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கோ அதற்கு அப்பாலோ பரிந்துரைக்கப்பட்டு, தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக இதயத்தினுள் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிகிச்சை அளிக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கலாம். கதீட்டர் அப்லேஷன் எனப்படும் இச்சிகிச்சையைக் கேட்டதும் நோயாளியைக் காட்டிலும் உடனிருப்போரே அதிகம் அஞ்சுவதுண்டு. துடிக்கும் இதயத்தைத் தொட்டால் அது நின்றுவிடாதா என்பதே அவர்களின் கேள்வி. அதே அச்சம் ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கும் இருந்தது. அதனை நீக்க வழி திறந்தவரின் வாழ்க்கையை அறிந்தால், உங்களுக்குரிய சிகிச்சையும் எளிதில் விளங்கும்.

இளமையும் எண்ணமும்

வெர்னர் ஃபோர்ஸ்மன் 1904 ஆகஸ்டு 29 அன்று ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை முதல் உலகப் போரில் உயிரிழந்தார். தாயும் பாட்டியும் அவரை வளர்த்தனர். பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1929ஆம் ஆண்டு எபர்ஸ்வால்டே என்னும் ஊரின் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அக்காலத்தில் அவசர நிலையில் இதயத்தினுள் மருந்தைச் சேர்க்க, மார்பின் வழியே ஊசியைக் குத்துவர். ஊசி இரத்தக்குழாயைக் கிழித்துவிடும் ஆபத்து அதில் இருந்தது. கையிலுள்ள சிரை இதயத்தில்தான் சென்று சேர்கிறது. அவ்வழியே ஒரு குழாயைச் செலுத்தினால் என்ன என்று ஃபோர்ஸ்மன் எண்ணினார். குதிரையின் கழுத்துச் சிரை வழியே இதயத்தை எட்டிய 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆய்வு அவருக்கு நம்பிக்கை அளித்தது.

தம் உடலிலேயே சோதனை

தலைமை மருத்துவர் அனுமதி மறுத்தார். அறுவை அரங்கின் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்த செவிலியர் கெர்டா டிட்சன், சோதனையைத் தம் மீதே செய்யுமாறு முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டினார். பிறகு அவர் அறியாமல் தம் இடக்கையையே கீறி, சிறுநீர் வெளியேற்றப் பயன்படும் கதீட்டரைத் தம் சிரைக்குள் நுழைத்தார். 65 சென்டிமீட்டர் வரை செலுத்தியபின், எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்தே சென்றார். திரையில் தெரிந்த பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துக் குழாயின் நுனி இதயத்தின் வலது மேலறையை அடைந்திருப்பதை உறுதிசெய்து, படமும் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை.

இச்சோதனையில் இரண்டு செய்திகள் உள்ளன. இதயத்தின் உட்புறத்தைக் குழாய் தொட்டவுடன் துடிப்பு நின்றுவிடுவதில்லை என்பது ஒன்று. குழாய் எங்கே இருக்கிறது என்பதைப் பிம்பத்தின் துணையால் கண்டறிய இயலும் என்பது மற்றொன்று.

புறக்கணிப்பும் பரிசும்

1929ஆம் ஆண்டின் இறுதியில் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. எனினும் பாராட்டைவிடக் கண்டனமே மிகுந்தது. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் பணியை இழந்தார். பின்னர் சிறுநீரியலுக்கு மாறினார். 1932ஆம் ஆண்டு நாஜிக் கட்சியில் சேர்ந்தார். இது அவர் வாழ்க்கையின் மறைக்கக் கூடாத களங்கம். போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றி, அமெரிக்கரிடம் சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின் சில காலம் மரம் வெட்டியும், கிராம மருத்துவராகவும் வாழ்ந்தார்.

ஒருவரின் சோதனை மட்டுமே ஒரு சிகிச்சையின் பாதுகாப்புக்குச் சான்றாகாது. அச்சான்றைத் திரட்டியவர்கள் நியூயார்க் நகரின் ஆந்திரே கூர்நாந்தும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் ஆவர். 1940களில் பல நோயாளிகளிடம் இம்முறையைக் கவனமாகக் கையாண்டு, அதனை நம்பத்தக்க பரிசோதனையாக வளர்த்தனர். 1956ஆம் ஆண்டு மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஃபோர்ஸ்மன் அப்போது ஒரு சிறு நகரில் சிறுநீரியல் மருத்துவராக இருந்தார். 1979 ஜூன் 1 அன்று காலமானார்.

அவர் வழியில் இன்றைய சிகிச்சை

இதயத் துடிப்பை இயக்குவது மின்னோட்டம். அது தவறான பாதையில் சுழன்றாலோ, தவறான இடத்தில் தோன்றினாலோ துடிப்பு தாறுமாறாகும். அந்தச் சிறு இடத்தைக் கதீட்டர் மூலம் செயலிழக்கச் செய்யும் முறை 1982ஆம் ஆண்டு மனிதரிடம் வெற்றிகரமாகச் செய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இப்போது பெரும்பாலும் ரேடியோ அலைகளின் வெப்பமும், சிலருக்குக் கடுங்குளிரும் பயன்படுகின்றன. எக்ஸ்-கதிருடன், இதயத்தின் மின்னோட்டத்தை முப்பரிமாண வரைபடமாகக் காட்டும் கணினியும், தேவைப்படின் இதயத்தினுள்ளிருந்தே படம்பிடிக்கும் எக்கோ கருவியும் மருத்துவருக்கு வழிகாட்டுகின்றன.

மேலறைகளோடு தொடர்புடைய சில வகைப் படபடப்புகளில், நூறு பேரில் ஏறத்தாழ தொண்ணூற்றைந்து பேருக்கு இச்சிகிச்சை பயன் தருகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் கோளாற்றில் வெற்றி வீதம் குறைவு; சிலருக்கு மறுமுறை செய்ய நேரிடும். தொடையில் இரத்தக்கசிவு ஏற்படலாம். அரிதாக, இதயத்தைச் சுற்றி இரத்தம் சேர்தல், பக்கவாதம், பேஸ்மேக்கர் பொருத்தவேண்டிய நிலை ஆகியவையும் நேரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஃபோர்ஸ்மன் அனுமதியின்றிச் செயல்பட்டார். தம்மை நம்பிய செவிலியரையும் ஏமாற்றினார். அவரது துணிவு பயன் தந்தது என்பதால் அந்த முறை சரியாகிவிடாது. இன்று உங்கள் ஒப்புதல் இன்றி இச்சிகிச்சையைத் திட்டமிட்டுச் செய்ய இயலாது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், உங்களுக்கு உள்ள கோளாறு எது, வெற்றி வாய்ப்பு எவ்வளவு, மருந்து மட்டும் போதுமா என்று கேளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவுற்றிருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று இ.சி.ஜி. எடுத்துக்கொள்வது மிகவும் இன்றியமையாதது. பச்சைமலை அடிவாரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சேர்வதற்குள் துடிப்பு சீராகிவிட்டால், கோளாற்றின் வகையைக் கண்டறிவது கடினம். அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி, செல்லும் இடமெல்லாம் காட்டுங்கள். படபடப்புடன் மயக்கமோ மார்பு வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால், காத்திராமல் உடனே 108 எண்ணை அழையுங்கள்.